'படகு சவாரியை மிஸ் பண்ணாதீங்க!' - அந்த வரியை எழுதியது நான்தான்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் திருவொற்றியூர். ஆனாலும், "உங்க ஏரியா பீச் எப்படி இருக்கும்?" என்று ஆபீஸில் யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. காரணம் சிம்பிள். எங்களுக்குக் கடல் இருக்கிறது, கடற்கரை இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போயிருப்பவர்களுக்குப் புரியும். ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இன்னொரு பக்கம், கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். அந்தக் கற்கள் மேல் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். ஸ்கூல் படிக்கும்போது ஃப்ரெண்ட்ஸோடு மாங்காய் சாப்பிட்டுக்கொண்டே மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால், மணலில் நடந்து போய் அலையில் கால் நனைக்க வேண்டும் என்றால் பஸ் பிடித்து மெரினாவுக்குத்தான் போக வேண்டும்.

இந்த பொங்கல் சமயத்தில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் 'ஒருநாள் ட்ரிப்' என்று ஒரு சீரிஸ் பேசினோம். மாமல்லபுரம், முட்டுக்காடு பக்கம் போக எல்லோரும் கை தூக்கினார்கள். "நீ வடக்குதானே? பழவேற்காடு போயிட்டு வா" என்றார் சீனியர். சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் மட்டும் ஏதோ உறுத்தியது.

ஏனென்றால், பழவேற்காடு பற்றி நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அங்கே போகாமலேயே.

ஜர்னலிசம் டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. 'சென்னைக்குப் பக்கத்தில் வீக் எண்ட் போக 7 இடங்கள்' என்று ஒரு கட்டுரை. இணையத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படித்து, ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். மூன்றாவது இடம் பழவேற்காடு. பூநாரைகள் பறக்கும் படம். அதற்குக் கீழே நான் எழுதிய கடைசி வரி: 'படகு சவாரியை மிஸ் பண்ணாதீங்க!' கட்டுரை நன்றாக ஓடியது. லீவு நாள்கள் வரும்போதெல்லாம் அதை மறுபடி மறுபடி ஷேர் செய்வோம். அந்த வரியை நான் மறந்தே போயிருந்தேன்.

அம்மாவோடு ஒரு ரயில் பயணம்

தனியாகப் போக வேண்டாம் என்று அம்மாவும் கிளம்பிவிட்டார். பொங்கல் கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயினில் ஏறினோம். கையில் தண்ணீர் பாட்டில், எலுமிச்சை சாதம், ஒரு பழைய துண்டு. "துண்டு எதுக்கும்மா?" என்றேன். "கடலுக்குப் போறோம்ல" என்றார்.

அம்மா ராயபுரத்துக்காரர். தாத்தாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்கும் வேலை. "ராயபுரம் ஸ்டேஷன் தெரியுமாடி? சவுத் இந்தியாவுக்கே முதல் ரயில் எங்க ஊர்ல இருந்துதான் கெளம்புச்சு" என்று பெருமை பேசுவார். அது உண்மைதான். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய ரயில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். 

விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். எண்ணூரைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றின் மேல் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அம்மா சட்டென்று அமைதியாகிவிட்டார். இரண்டு பக்கமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கன்வேயர்கள், மின்கோபுரங்கள். கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர்.

"சின்ன வயசுல காணும் பொங்கலுக்கு இங்கதான் வருவோம். ஆயா புளிசாதம் கட்டிக்கினு வரும். முகத்துவாரத்துக்கிட்ட எறங்கி நடந்தா தண்ணி முட்டிதான் இருக்கும். காலால துழாவுனா மட்டி கெடைக்கும். மடி நெறையப் பொறுக்கினு வருவோம்."

"அப்பவே இங்க கரன்ட் கம்பெனி இருந்துச்சேம்மா?" என்று கேட்டேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லேயே வந்துவிட்டது, 2017-ல் மூடினார்கள். 

"பொகை இருந்துச்சு. ஆனா, தண்ணில காலு தெரியும்" என்றார் அம்மா.

எனக்கு 2023 டிசம்பர் ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவிய நாள்கள். கூழைக்கடா பறவைகளின் வெள்ளை இறகுகளில் கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்த படங்களுக்கு டெஸ்க்கில் உட்கார்ந்து கேப்ஷன் எழுதினேன். படகுகள், வலைகள், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் எண்ணெய். அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். எங்கள் வீட்டிலும் அன்று யாரும் தூங்கவில்லை. 

இந்தக் கரையில்தான் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க வந்து தங்கினார்கள் என்றால் இன்று நம்பக் கஷ்டமாக இருக்கும். அம்மாவின் மட்டிக் கதையும் இன்னும் 10 வருடங்களில் அப்படி ஒரு நம்ப முடியாத கதை ஆகிவிடும்.

மெட்ராஸுக்கு முன்பே பழவேற்காடு

பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தோம். பழவேற்காடு வரை சுமார் 20 கிலோமீட்டர். வயல்கள் குறைந்து, உப்புக் காற்று முகத்தில் அடிக்க ஆரம்பித்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சின்ன ஊர்தான். கருவாட்டு வாசனை, டீக்கடை, மசூதி, மாதா கோயில், பெருமாள் கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால், இந்தச் சின்ன ஊர் ஒரு காலத்தில் உலக வரைபடத்தில் பெரிய புள்ளி. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே 'கெல்ட்ரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர்களின் மெட்ராஸ் பிறந்தது 1639-ல். அதாவது, நம்ம சென்னைக்கு 26 வயது மூத்தது இந்தக் கோட்டை. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து துணி போனது. மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 

கோட்டையைத் தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். புதர் மண்டிய மேடுதான் மிச்சம். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கும். 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகள். கப்பல், மாளிகை, குடும்பச் சின்னம் என்று கல்லில் அவ்வளவு நுணுக்கமான வேலை. 

அம்மா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுப் பார்த்தார். "எந்த ஊரோ, எந்த நாடோ. இவ்ளோ தூரம் வந்து இங்க படுத்துக்கினு இருக்காங்க பாரு" என்றார். நான் படித்த எந்தக் குறிப்பிலும் இந்த இடத்தைப் பற்றி இதைவிட நல்ல வரி இல்லை.

இன்னொரு சுவாரஸ்யம். மலேசியாவில் உங்களுக்கு உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே கட்டம் போட்ட லுங்கியை 'பெலிகாட்' என்பார்கள். 'புலிகாட்' என்று வெள்ளைக்காரர்கள் வாயில் மாறிய பழவேற்காடுதான் அது. இந்தப் பக்கத்து நெசவாளர்கள் நெய்த துணி கடல் தாண்டிப் போய் ஊர் பெயரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

உப்பா... நுரையா... பறவையா?

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும்தான் நமக்கு. நம் பகுதியை 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே நீளமாகப் படுத்திருப்பதுதான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா தீவு. 

பாலத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். தண்ணீர் வற்றிய இடங்களில் கொக்குகள். மூங்கில் கழிகள் மேல் ஆளுக்கொன்றாக நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில், தண்ணீர் முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

"அது இன்னாடி, உப்பா? நுரையா?" என்றார் அம்மா.

போன் கேமராவை ஜூம் செய்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள்! நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று ஒட்டி நின்றன. திடீரென்று அதில் ஒரு பகுதி எழும்பியது. இறக்கை விரிந்ததும் வெள்ளைக்கு உள்ளே ஒளிந்திருந்த செம்பிஞ்சு நிறம் பளிச்சென்று தெரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூநாரைகள் பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். சாப்பிடும் பாசியிலும் சின்னச் சின்ன இறால் வகைகளிலும் இருக்கும் நிறமிதான் அவற்றுக்கு இந்த நிறத்தைக் கொடுக்கிறது. அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, சேற்றை வடிகட்டிச் சாப்பிடும். அதனால் ஆழம் குறைந்த, சேறு நல்லபடியாக இருக்கும் தண்ணீர் வேண்டும். ஏரி உயிரோடு இருந்தால்தான் அந்த நிறமும் இருக்கும்.

'இன்னும் கொஞ்சம் கிட்ட போனா செம வீடியோ கிடைக்கும்' என்று எனக்குள் இருந்த டிஜிட்டல் டெஸ்க் ஆள் முணுமுணுத்தாள். படகுத்துறை பக்கம் நடந்தேன்.

போனில் என் கட்டுரை

கரையில் ஃபைபர் படகுகள் நின்றன. ஒரு படகுக்காரரிடம் ஒரு குடும்பம் பேரம் பேசிக்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, வயதான பாட்டி, இரண்டு குழந்தைகள். சின்னதுக்கு நான்கு வயதுதான் இருக்கும். மஞ்சள் ஃபிராக், கையில் சிப்ஸ் பாக்கெட்.

"இந்தப் பறவைங்க பக்கத்துல கூட்டிட்டுப் போவீங்களா?" என்று போனை நீட்டினார் அந்த அப்பா. 

எட்டிப் பார்த்தேன். பறக்கும் பூநாரைகள். அதே படம். அதே தலைப்பு. 'சென்னைக்குப் பக்கத்தில் வீக் எண்ட் போக 7 இடங்கள்.' 

"ஏறுங்க சார், முகத்துவாரம் வரைக்கும் போயிட்டு வந்துரலாம்" என்றார் படகுக்காரர். படகுக்குள் பார்த்தேன். வலை, கயிறு, டீசல் கேன். ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "பாப்பா, அந்த கிறிஸ்மஸ் ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. 2011 டிசம்பர் 25. நான் ஆறாம் வகுப்பு. டிவி முழுக்க பழவேற்காடு. சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டவர்கள் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாவட்ட நிர்வாகம் இங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டது. அன்று டிவி முன்னால் உட்கார்ந்து அம்மா அழுததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. 

இதெல்லாம் தெரிந்த நான்தான் அந்த வரியை எழுதியிருக்கிறேன். எழுதும்போது அந்தப் பழவேற்காடும் இந்தப் பழவேற்காடும் ஒன்று என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. என்னைப் பொறுத்தவரை அது லிஸ்ட்டில் மூன்றாவது இடம். அவ்வளவுதான்.

கால் தயங்கியது. பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பாட்டி ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்துவிட்டார்.

"சார், ஏறாதீங்க. இங்க டூரிஸ்ட் போட்டிங்குக்குத் தடை இருக்கு. 2011-ல இங்கேயே பெரிய விபத்து நடந்திருக்கு. லைஃப் ஜாக்கெட் ஒண்ணுகூட இல்ல பாருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரும்மா? இதுல தெளிவா போட்டிருக்கானே, மிஸ் பண்ணாதீங்கன்னு."

"அதை எழுதினது நான்தான் சார்."

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப ஏம்மா எழுதுன?" 

திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "இங்க வராமலே எழுதிட்டேன் சார். தப்புதான்" என்றேன். 

அவர் மனைவி சின்னதை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். பாட்டி காலை எடுத்தார். "லீவு நாள்ல இவ்ளோ தூரம் வந்துட்டு..." என்று முனகியபடியே அவர்கள் நடந்தார்கள்.

படகுக்காரருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். "ஏம்மா, காலைல இருந்து இதான் முதல் கிராக்கி. பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

மீன் இருந்தா எதுக்கு சவாரி?

அவரை அப்படியே விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனசில்லை. "ஒரு டீ சாப்புடலாம் வாப்பா" என்று கூப்பிட்டார். ராயபுரத்துக்காரருக்குக் கடல்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும்.

முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். "மீன் இருந்தா நான் எதுக்குக்கா சவாரி ஓட்டப் போறேன்? முகத்துவாரம் அப்பப்ப மண்ணு மூடிக்கிது. கடல் தண்ணி உள்ள வந்தாத்தானே இறால் வரும்? மூடிக்கிச்சுன்னா ஏரிலயும் ஒண்ணும் இல்ல, போட்டும் கடலுக்குப் போக முடியாது."

'பாடு' பற்றியும் அவர்தான் சொன்னார். இந்த ஏரியில் எந்த ஊர்க்காரர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போகாது. முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கும். ஏரி எல்லோருக்கும் சோறு போட வேண்டும் என்பதற்காக அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். "ஆனா, பாடு வந்தும் வலைல ஒண்ணும் விழலைன்னா அந்த முறைய வெச்சு என்னா பண்றது?" என்றார். தெற்கே காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கினால் கரை இன்னும் அரிக்கும் என்பது இங்கே உள்ள மீனவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் பயம். எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் கருங்கல் வரிசையை நினைத்துக்கொண்டேன். கரை போன பிறகு என்ன மிஞ்சும் என்று திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தெரியும்.

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு..." என்று மெதுவாக ஆரம்பித்தேன். 

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அத மறக்க முடியுமா?" என்று மட்டும் சொன்னார். 

இதோடு முடிந்திருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால், நாங்கள் டீக்கு காசு கொடுப்பதற்குள் காலேஜ் பசங்க நாலு பேர் வந்தார்கள். அவர் எழுந்து போனார். படகு கிளம்பியது. நான் கத்திச் சொன்னதை அவர்கள் சிரித்துக்கொண்டே கையாட்டிக் கடந்துபோனார்கள். அரை மணி நேரம் அந்தக் கரையை விட்டு நான் நகரவில்லை. படகு திரும்பி வந்தது. நாலு பேரும் இறங்கினார்கள். 

"பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகல" என்றார் அவர், சமாதானமாக.

அவர் சொன்னது சரிதான். அன்று ஒன்றும் ஆகவில்லை. 2011 டிசம்பர் 24 வரைக்கும் அங்கே இப்படித்தான் தினமும் சொல்லியிருப்பார்கள்.

கால் நனைத்த அம்மா

பாலம் தாண்டி ஆட்டோவில் லைட் ஹவுஸ் குப்பம் போனோம். கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் மணல். கற்கள் இல்லாத, லாரி சத்தம் இல்லாத, நீளமான மணல். தூரத்தில் அந்த மஞ்சள் ஃபிராக் பாப்பா அலையோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. அதன் அப்பா என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். 

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குப் போனார். முட்டி வரை தண்ணீர். அப்படியே நின்றார். நான் போனை எடுத்தேன். பிறகு உள்ளே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கால் விரலால் மணலைத் துழாவிக்கொண்டிருக்கிறார்!

"மட்டி தேடுறியாம்மா?"

"சும்மா பாக்குறேன்டி" என்று சிரித்தார். 

இந்தக் கரையில்தான் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றிய கரைகளில் இந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அன்று நாங்கள் நடந்த தூரத்தில் ஒன்றும் ஒதுங்கியிருக்கவில்லை. அதுவே பெரிய நிம்மதி.

திரும்பும்போது ஊருக்குள் பனை ஓலைக் கூடை ஒன்று வாங்கினோம். இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பின்னும் கூடைகள் ரொம்பப் பிரபலம். சாயம் ஏற்றிய ஓலையில் சிவப்பும் பச்சையுமாக, மூடி போட்ட கூடை. அதில்தான் அம்மா இப்போது வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார்.

அந்த வரி இப்போது இல்லை

மறுநாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தேன். சீனியரிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மாத்திடு. மாத்தினதையும் மேல போட்டுடு" என்றார். 'படகு சவாரியை மிஸ் பண்ணாதீங்க' இப்போது அதில் இல்லை. அந்த இடத்தில் 2011 விபத்தும் தடையும் இருக்கின்றன. இதற்குள் அதை எத்தனை பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் குரூப்பில் அது சுற்றிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை அனுப்புங்கள்.

பழவேற்காட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டாயம் போங்கள். உங்களுக்காகச் சில குறிப்புகள்:

* எப்படிப் போவது? சென்னையிலிருந்து சுமார் 55-60 கி.மீ. கும்மிடிப்பூண்டி மார்க்க லோக்கல் ட்ரெயினில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

* எப்போது போவது? பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல சீசன். காலையில் சீக்கிரம் போய்விட்டால் வெயிலும் குறைவு, பறவைகளும் அதிகம்.

* பூநாரை பார்க்கப் படகு வேண்டுமா? வேண்டவே வேண்டாம். கரையிலிருந்தே பார்க்கலாம். அண்ணாமலைச்சேரி பக்கமும் பறவை ஆர்வலர்கள் போவார்கள். ஆந்திராவின் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவிலேயே போகிறது. அதன் ஓரத்தில் நின்றாலே போதும். ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப் போங்கள். விரட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்காதீர்கள்; அது அவற்றின் சாப்பாட்டு நேரம்.

* வேறு என்ன பார்க்கலாம்? டச்சுக் கல்லறைகள், மகிமை மாதா ஆலயம், குட்டிக் குட்டி ராமாயணச் சிற்பங்கள் உள்ள ஆதிநாராயணப் பெருமாள் கோயில், சின்னப் பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரம்.

* கடலில் குளிக்கலாமா? கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துவாரம் பக்கம் இறங்கவே வேண்டாம், இழுப்பு அதிகம்.

* அந்த ஊருக்கு நாம் என்ன செய்யலாம்? அங்கேயே சாப்பிடுங்கள். நண்டோ, இறாலோ, கருவாடோ அங்கேயே வாங்குங்கள். கூடை வாங்குங்கள். படகில் ஏறாமலும் அந்த மக்களுக்கு நாலு காசு கொடுக்க வழி இருக்கிறது. பிளாஸ்டிக் கவரைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

ரயிலில் திரும்பும்போது இருட்டிவிட்டது. எண்ணூர் பாலத்தில் தண்ணீர் தெரியவில்லை. புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அம்மா மடியில் ஈரத் துண்டு. காலில் ஒட்டிய மணலை அவர் தட்டவே இல்லை. 

"வூட்டுக்குள்ள மணல் வரும்மா, ஸ்டேஷன்லயே தட்டிடு" என்றேன்.

"வரட்டும்டி" என்றார்.